சின்ன ஊர் திரைப்பட விழாவுக்குப் படத்தை அனுப்பலாமா?

போன மாதம் ஒரு தம்பி அழைத்திருந்தார். இருபத்திரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றை அப்போதுதான் முடித்திருந்தார். ஒன்றரை வருட வேலை. கேமராவை நண்பர் ஒருவர் வாடகை வாங்காமல் தந்தார், எடிட்டர் பாதிச் சம்பளத்துக்கு உட்கார்ந்தார், சவுண்டு மிக்ஸிங்குக்கு மட்டும் கடன். "அண்ணா, ஃபிலிம்ஃப்ரீவே சைட்ல நாற்பது விழா குறிச்சு வச்சிருக்கேன். கையில பன்னிரண்டாயிரம்தான் இருக்கு. எதுக்கெல்லாம் அனுப்பலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். லண்டன், பாரிஸ், நியூயார்க், டோக்கியோ என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆனால் அந்த ஊர்களில் அப்படி ஒரு விழா நடப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணம், தரம்சாலா, திருவனந்தபுரம் எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் சின்ன விழா தானே அண்ணா" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் படம் எடுக்கும் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. விழா சின்னதா பெரியதா என்று பார்ப்பதைவிட, அந்த விழா யாருடைய பணத்தில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டிக்கெட் வாங்கும் பார்வையாளர் பணமா, அரசுப் பணமா, ஊர்க்காரர்களின் நன்கொடையா, நடத்துபவரின் சொந்தக் காசா, அல்லது படம் அனுப்புகிறவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணமா? பணம் யாரிடமிருந்து வருகிறதோ, பெரும்பாலும் அவர்களை நம்பியே விழா இயங்கும். முழுக்க நுழைவுக் கட்டணத்தில் ஓடும் விழாவுக்குப் பார்வையாளர் தேவையே இல்லை. படம் அனுப்புகிறவர்கள் மட்டும் போதும்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஒரு காலத்தில் விழாவுக்குப் படம் அனுப்புவது என்றால் விண்ணப்பத்தைக் கையால் நிரப்பி, விஎச்எஸ் கேசட்டையோ டிவிடியையோ கூரியரில் அனுப்புவது. ஒவ்வொரு விழாவுக்கும் தனிச் செலவு, தனி உழைப்பு. 2000-ல் வித்அவுட்எபாக்ஸ் என்ற இணையதளம் வந்து, ஒரே இடத்திலிருந்து பல விழாக்களுக்கு விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. 2014-ல் ஃபிலிம்ஃப்ரீவே வந்தது. விழா நடத்துபவர்களுக்கும் படம் அனுப்புபவர்களுக்கும் அது இன்னும் சுலபமாக இருந்ததால் எல்லோரும் அங்கே நகர்ந்தார்கள். 2019-ல் வித்அவுட்எபாக்ஸ் மூடப்பட்டது.

படைப்பாளிக்கு இது பெரிய வசதி, சந்தேகமில்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு பிரேசிலில் உள்ள விழாவுக்கு ஐந்து நிமிடத்தில் படம் அனுப்பலாம். ஆனால் அதே வசதி, அரங்கம் எதையும் பிடிக்காமல் ஒரு பெயரும் ஒரு சின்னமும் மட்டும் வைத்து விழா தொடங்கவும் வழி விட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 25 டாலர், மாதம் 200 படங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 டாலர். அரங்க வாடகை இல்லை, புரொஜெக்டர் இல்லை, விருந்தினர் அறை இல்லை. வென்றவர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு இலை வளையச் சின்னம் போகிறது, அவ்வளவுதான். நம் குறும்படப் போஸ்டர்களின் நெற்றியில் பதினைந்து, இருபது என்று வரிசையாக நிற்கும் அந்த லாரல்களில் எத்தனை இப்படி வந்தவை என்று யோசிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இளைஞரின் சேமிப்பு இருக்கிறது.

நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன். என் ஆவணப்படம் அரையிறுதிக்குத் தேர்வாகிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் அடுத்த மின்னஞ்சல்: கோப்பை வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும், சான்றிதழை அச்சிட்டு அனுப்ப அதற்கு வேறு பணம். திரையிடல் எந்தத் தேதியில், எந்த அரங்கில் என்று கேட்டேன். அதற்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை.

இப்படிப்பட்டவற்றை அடையாளம் காண்பது பழகினால் சுலபம். மாதாமாதம் விழா நடக்கும். பரிசுப் பிரிவுகள் எழுபது, எண்பது இருக்கும். போன வருடம் எந்தப் படம் எந்த நாளில் எத்தனை மணிக்குக் காட்டப்பட்டது என்ற நிகழ்ச்சி நிரல் எங்கும் கிடைக்காது. புகைப்படங்களில் மேடை இருக்கும், அரங்கம் நிறைய ஆட்கள் இருக்க மாட்டார்கள். படங்களைத் தேர்வு செய்கிறவரின் பெயர் இருக்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நுழைவுக் கட்டணம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் சன்டான்ஸ் போன்ற மதிப்புள்ள விழாக்களும் கட்டணம் வாங்குகின்றன. வந்த படங்களைப் பார்க்க ஆள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அந்தப் பணம் அரங்கமாகவும் பார்வையாளராகவும் திரும்பி வருகிறதா என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, இதற்கு நேர் எதிரான ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா. 1998-ல் தொடங்கியது. 'மறுபக்கம்' அமைப்பின் சார்பில் ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் நடத்துகிறார். மதுரையில் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் அன்றாட வேலையைப் பதிவு செய்த 'பீ' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர் அவர். இங்கே போட்டி கிடையாது, பார்வையாளர்களுக்கு அனுமதி இலவசம். கல்லூரி அரங்கு போன்ற இடங்களில் படம் ஓடும். கால் நூற்றாண்டுக்கு மேலாக இது தொடர்வதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சினிமாவுக்கே பெயர்போன ஒரு நகரத்தில், நட்சத்திரம் இல்லாத, பாட்டு இல்லாத, பெரும்பாலும் வேற்றுமொழியில் இருக்கும் ஆவணப்படங்களுக்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த மாதிரி விழாவுக்குப் படம் அனுப்பினால் என்ன கிடைக்கும்? பணம் கிடைக்காது. படத்தை வாங்கும் விநியோகஸ்தர் அங்கே வந்து உட்கார்ந்திருக்க மாட்டார். ஓடிடி நிறுவனங்களிடமிருந்து அழைப்பு வராது. இதையெல்லாம் எதிர்பார்த்து அனுப்பினால் ஏமாற்றம்தான்.

ஆனால் படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "இந்தப் பாட்டியிடம் கேமராவை நீட்டும் முன் அவரிடம் அனுமதி கேட்டீர்களா?" என்று கேட்பார். தொழிற்சங்கக்காரர் ஒருவர், நீங்கள் சொன்ன கூலிக் கணக்கு பழையது என்று திருத்துவார். இன்னொரு ஊரிலிருந்து வந்த ஆவணப்பட இயக்குநர் டீ குடிக்கும்போது, உங்கள் படத்தின் முதல் ஏழு நிமிடம் தேவையே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். நல்ல சின்ன விழாவில் கிடைக்கும் கூலி இதுதான். எடிட்டிங் அறையில் நூறு முறை பார்த்துப் பார்த்து நமக்கே மரத்துப்போன படத்தை, நம்மைத் தெரியாத மனிதர்கள் முதல் முறையாகப் பார்க்கும் அறையில் நின்றால்தான் எந்த இடத்தில் அவர்கள் நெளிகிறார்கள், எந்த இடத்தில் மூச்சுப் பிடிக்கிறார்கள் என்று தெரியும்.

அப்புறம் இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் ஆவணப்படம் பரவும் வழி தியேட்டர் வழி இல்லை. திரைப்படச் சங்கங்கள், கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகள், எழுத்தாளர் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், புத்தகக் காட்சி அரங்குகள் என்று கைமாறித்தான் போகிறது. அந்தக் கைகள் சின்ன விழாக்களின் அரங்கில்தான் இருக்கின்றன. ஒரு திரையிடலைப் பார்த்த பேராசிரியர் தன் கல்லூரிக்கு அழைப்பார், அங்கே பார்த்தவர் வேறு ஊருக்கு அழைப்பார். சாதி, நிலம், நீர், உழைப்பு பற்றிப் படம் எடுத்தவருக்கு இந்த வலைப்பின்னல் பெர்லின் விழா செலெக்‌ஷனைவிடக் கூட உதவக்கூடும். நகரத்துக் காதலைப் பற்றி ஒரு அழகான பன்னிரண்டு நிமிடப் புனைவு எடுத்தவருக்கு அதே விழா அவ்வளவு பொருந்தாது. விழாவும் நல்ல விழா, படமும் நல்ல படம். அந்த அரங்கு அந்தப் படத்துக்கானது இல்லை, அவ்வளவுதான்.

சின்ன ஊர் விழா என்ன செய்ய முடியும் என்பதற்கு ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். 1954-ல், ரூர் பகுதியின் நிலக்கரி, எஃகுத் தொழில் நகரம் ஒன்றில், வயதுவந்தோர் கல்வி நிலையத்தை நடத்திவந்த ஹில்மர் ஹோஃப்மன் தொடங்கியது அது. எட்டு வருடம் கழித்து, 1962-ல், 26 இளம் படைப்பாளிகள் அந்த விழாவில்தான் பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிக்கை வெளியிட்டார்கள். புதிய ஜெர்மன் சினிமா அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது.

இந்தியாவுக்குள் தரம்சாலா சர்வதேசத் திரைப்பட விழாவைச் சொல்லலாம். ரிது சரின், டென்சிங் சோனம் என்ற இரண்டு படைப்பாளிகள் 2012-ல் தரம்சாலாவின் மலைப்பகுதியான மெக்லியாட்கஞ்சில் தொடங்கினார்கள். அங்கேயும் போட்டி கிடையாது. ஆனால் மதுரையைப் போல இல்லாமல் முழுநீளக் கதைப்படங்களும் நிறைய வருகின்றன. டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் மலையேறி வரும் ரசிகர்களும் விமர்சகர்களும் படைப்பாளிகளும் நான்கு நாள் ஒரே ஊரில் சுற்றுகிறார்கள். பெரிய விழாவில், படங்களைத் தேர்வு செய்யும் ஒரு புரோகிராமரிடம் மூன்று நிமிடம் பேச மூன்று நாள் அலைய வேண்டும். இங்கே பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருப்பார். முதல் முழுநீளப் படத்தை முடித்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவருக்கு இது நல்ல இடம். பயணச் செலவை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாண சர்வதேசச் சினிமா விழா 2015-ல் தொடங்கியது, போர் முடிந்து ஆறு வருடத்துக்குப் பிறகு. அனோமா ராஜகருணா அதன் இயக்குநர். சிங்களப் படத்தையும் தமிழ்ப் படத்தையும் யாழ்ப்பாணத்துப் பார்வையாளர் நடுவில் வைத்துக் காட்டுவது என்பது அந்த மண்ணில் எவ்வளவு கனமான காரியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஈழம் தொடர்பாகவோ, போருக்குப் பின்னான வாழ்க்கை பற்றியோ தமிழ்நாட்டிலிருந்து படம் எடுக்கிறவர்கள், முதலில் அந்த மக்கள் முன்னால் அதைக் காட்டத் துணிய வேண்டும் என்பது என் கருத்து. தவறாக எடுத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இனி, பலரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன்: முதல் திரையிடல், அதாவது ப்ரீமியர். பெரிய போட்டி விழாக்கள் இதில் கறாராக இருக்கும். பெர்லின் விழாவின் குறும்படப் பிரிவு 30 நிமிடத்துக்கு உட்பட்ட படங்களை எடுக்கிறது; படம் எங்குமே காட்டப்படாததாக இருக்க வேண்டும், அல்லது சொந்த நாட்டுக்குள் மட்டும் காட்டப்பட்டிருக்க வேண்டும். பிரான்சின் கான் விழா இன்னும் கறார். குறும்படப் போட்டிக்கு 15 நிமிட வரம்பு, வேறு சர்வதேச விழா எதிலும் காட்டியிருக்கக் கூடாது.

இந்த விதிகளை ஊன்றிப் படித்தால் ஒரு விஷயம் புரியும். மதுரையில் காட்டினால் பெர்லின் கதவு மூடிவிடாது, ஏனென்றால் அது சொந்த நாட்டுத் திரையிடல். ஆனால் இணையத்தில் மாதாமாதம் நடக்கும் வெளிநாட்டு 'விழா' ஒன்றில் 20 டாலர் கட்டிப் படத்தைப் போட்டுவிட்டால், நாட்டுக்கு வெளியே முதலில் காட்டும் உரிமையை யாரும் பார்க்காத ஒரு பக்கத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று ஆகிவிடக்கூடும். எதைப் பெரிது என்று நினைத்தோமோ அதுதான் நஷ்டம் தருகிறது. கானை மனதில் வைத்திருப்பவர் மட்டும் உள்ளூர் விழாவையும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.

யூடியூப் விஷயமும் இதோடு சேர்ந்தது. படம் முடிந்த வாரமே வெளியிட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆஸ்கர் குறும்படப் பிரிவின் விதிப்படி, தியேட்டரிலோ தகுதி தரும் விழாவிலோ தகுதி பெறும் முன் இணையத்தில் பொதுவில் வெளியான படம் போட்டியிட முடியாது. எல்லோரும் ஆஸ்கருக்குப் போகப்போவதில்லை, சரி. ஆனால் பல விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் கிடைக்கும் படத்தைத் தயங்கித்தான் எடுக்கின்றன. ஒரு வருடம் பொறுப்பது நல்லது.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அங்கே உயர்ந்த விருதான டைகர் விருதை வென்றது. தமிழ்ப் படம் ஒன்று அந்த விருதை வென்றது அதுதான் முதல் முறை. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடக்கும் கதை அது. முதல் திரையிடலைக் காத்து வைத்ததன் பலன் அங்கே கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் அந்தப் படமும் தியேட்டருக்கு வரவில்லை. 2023-ல் ஓடிடியில்தான் தமிழ்நாட்டின் பெரும்பாலோர் பார்த்தார்கள். உலக விருது பெற்ற படத்துக்கே ஊருக்குள் திரை கிடைப்பது இவ்வளவு கடினம் என்றால், சின்ன விழாவில் கிடைக்கும் எழுபது நாற்காலிகளை நாம் எவ்வளவு மதிக்க வேண்டும்!

அடுத்து தணிக்கை. இதைப் பற்றி விழாவுக்கு அனுப்பும் பலர் யோசிப்பதே இல்லை. இந்தியாவில் பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 1952-ம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9-வது பிரிவு, விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. விழாக்கள் அந்த விலக்கைப் பெற்றுத்தான் சான்றிதழ் இல்லாத படங்களைக் காட்டுகின்றன. விலக்கு மறுக்கப்படுவதும் உண்டு. 2017-ல் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணப்பட, குறும்பட விழாவிலேயே மூன்று படங்களுக்கு மத்திய அமைச்சகம் விலக்கு தரவில்லை. ஹைதராபாத்தில் தற்கொலை செய்துகொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா, காஷ்மீர், டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழக மாணவர் போராட்டம் ஆகியவற்றைத் தொட்ட படங்கள் அவை.

அதற்கும் முன்னால், மத்திய அரசு நடத்தும் மும்பை சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு 2004-ல் வரும் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்று சொன்னபோது ஆவணப்பட இயக்குநர்கள் நாடு முழுக்க ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அரசை விமர்சித்த பல படங்கள் தேர்வில் கழிக்கப்பட, அவர்களே அதே நாட்களில் 'விகல்ப்' என்ற பெயரில் மும்பையில் மாற்று விழா நடத்தினார்கள். நிராகரிக்கப்பட்ட படங்களுக்கு அங்கே அரங்கம் நிறைந்தது. அரசியல் படம் எடுத்தவர் விழாக்காரர்களிடம் நேராகக் கேட்க வேண்டும்: என் படத்தில் இன்னது இருக்கிறது, எதிர்ப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? அரசுப் பணத்தை நம்பாத சின்ன விழாவிடம் இதற்குத் தைரியமான பதில் கிடைக்க வாய்ப்பு கூடுதல். அதே சமயம், போலீஸ் வந்து நின்றால் தாங்கும் பலம் அவர்களிடம் குறைவு என்பதும் உண்மை.

திரையிடும் வசதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன ஊரில் பெரும்பாலும் டிசிபி, அதாவது தியேட்டர்களில் ஓட்டும் டிஜிட்டல் பிரதிக்கான வசதி, இருக்காது. மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக புரொஜெக்டருக்குப் போகும். அது குற்றமில்லை. ஆனால் பகலில் ஜன்னல் மூடுமா, ஒலி இரண்டு பெட்டியிலா மேடை மைக் வழியாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் என் படம் ஓடியபோது திரையின் கீழ்ப்பகுதி மேடையில் இருந்த குத்துவிளக்குக்குப் பின்னால் போய்விட்டது. சப்டைட்டில் முழுக்க மறைந்தது. படமோ ஒடியா மொழியில். நாற்பது பேர் ஐம்பது நிமிடம் ஒன்றும் புரியாமல், எனக்காக எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னால் போய் ஒரு நிமிடமாவது ஓட்டிப் பார்க்காமல் நான் திரையிடலுக்கு ஒப்புக்கொள்வதில்லை. மங்கலான அரங்குகளுக்கென்று, சப்டைட்டிலைக் கொஞ்சம் மேலே தூக்கி, நிறத்தைச் சற்று வெளிச்சமாக்கிய தனிப் பிரதி ஒன்றும் வைத்திருக்கிறேன்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அவர் படம், அம்மாவும் மகனும் ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க அலையும் கதை. நாற்பது விழாக்களுக்கும் மூன்றே கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். போன வருட நிகழ்ச்சி நிரலைப் பார்க்கலாமா? என் படத்தை எந்த அரங்கில், எத்தனை மணிக்குக் காட்டுவீர்கள்? படம் முடிந்ததும் பேச நேரம் உண்டா? பட்டியலில் இல்லாத ஐந்தாறு விழாக்களையும் சேர்த்துக்கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். நாற்பதில் ஏழு பேர் பதில் போட்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் கேள்விக்குப் பதில் சொல்லாமல், சீக்கிரம் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள். நான் சேர்த்துக்கொடுத்த விழா ஒன்றிலிருந்து மட்டும் ஒருவர் போனிலேயே அழைத்து, படத்தின் லிங்கை வாங்கிப் பார்த்துவிட்டு, கால் மணி நேரம் பேசியிருக்கிறார். கடைசிக் காட்சி நீளம் என்று சொன்னாராம். "அவர் சொன்னது சரின்னுதான் தோணுது அண்ணா. ரெண்டு நிமிஷம் வெட்டிட்டு அனுப்புறேன்" என்றார்.